கல்முனைக் கரையோரம்: பழைய வரைபடங்களின் சாட்சியம்

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் ஜனாஸாக்களாகவே வந்து சேர்ந்தார்கள். வீதியை ஏன் மூடவில்லை, பிள்ளைகளை ஏன் ஏற்றினார்கள் என்று பலரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். அந்த இடத்தில் தண்ணீர் ஏன் வீதியைக் கடக்கிறது என்ற கேள்விதான் அவ்வளவாக எழவில்லை.

அதற்கான விடை இரகசியமல்ல. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நமது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் மேட்டில் இருக்கின்றன. மேற்கே பெய்யும் மாரி மழை வயல்களில் பரவி நின்று கடலுக்கு வழி தேடும். மணல் மேட்டை ஊடறுக்கும் முகத்துவாரங்களும் தோணாக்களுமே அதற்கு வாசல். காரைதீவிலிருந்து சம்மாந்துறை போகும் வீதி இந்தத் தாழ்நிலத்தைக் குறுக்கே கடக்கிறது.

இந்த வாசல்களில் எது எப்போது ஒடுங்கியது, எதை யார் மண் போட்டு நிரப்பினார்கள் என்பதை இன்று ஒரு கணினியில் பார்த்துவிடலாம். 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்திடம் பழைய ஓர் அங்குலம் ஒரு மைல் வரைபடங்கள் உள்ளன. குளம், ஓடை, வயல், சதுப்பு எல்லாம் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, இன்றும் இடம் மாறாமல் நிற்கும் ஒரு பள்ளிவாசல், கோவில், சந்தி, பாலம் ஆகியவற்றைப் பொருத்தி இழுத்தால், அது இன்றைய செய்மதிப் படத்தின்மேல் படிந்து உட்காரும். 1972 முதல் பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செய்மதிகளின் களஞ்சியம் 2008இலிருந்து இலவசம். கம்போடியாவின் அங்கோரில் காட்டுக்குள் மறைந்திருந்த பழைய நகரின் வீதிகளையும் கால்வாய்களையும் 2012இல் ஹெலிகொப்டரிலிருந்து லேசர் பாய்ச்சி வரைந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நாம் தேடுவது அறுபது எழுபது வருடங்களுக்கு முந்திய தண்ணீர்ப் பாதையைத்தான்.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்தபின் ஆற்றின் இயல்பே மாறிவிட்டது. ஆகவே அதற்கு முந்திய வரைபடத்தை அப்படியே எதிர்காலச் சோதிடமாக வாசிக்க முடியாது. அணைக்கு முன், அணைக்குப் பின், சுனாமிக்குப் பின் என்று அடுக்கிப் பார்த்தால்தான் இயற்கை செய்தது எது, நாம் செய்தது எது என்பது பிரியும்.

சுனாமிக்குப் பின் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பேரலைக்குப் பிறகு, 2005இல் கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் கடலை விட்டு விலகச் சொன்னால் இந்த மணல் மேட்டில் மக்கள் எங்கே போவார்கள்? மேற்கேதான். கரைவாகு வயல்கள் நிரப்பப்பட்டு வீடுகளும் கட்டடங்களும் எழுந்தன. கடலுக்குப் பயந்தவர்கள் வெள்ளத்தின் பாதையில் குடியேறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காணி இல்லாத ஊர் இது. ஆனால் வயல் நிரப்ப அனுமதி கொடுத்தவர்கள் பழைய ஓடையின் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்களா என்று கேட்கலாம். வயற்காணியை நினைத்தபடி நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டமும் இடம் தரவில்லை.

ஒலுவிலில் விடயம் இன்னும் தெளிவு. டென்மார்க் நிதியுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. தென்புறம் மணல் சேர்ந்தது. வாயில் அடைபட்டுப் படகுகள் முடங்கின. வடபுறம் தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. ஆண்டுவாரியாகச் செய்மதிப் படங்களை அடுக்கினால் கரைக்கோடு துறைமுகத்தின் இருபுறமும் எதிரெதிராக நகர்வதைப் பார்க்கலாம். “கடல் எப்போதும் அரிக்கும்தானே” என்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆனால் படமும் ஏமாற்றும். மாரியில் நமது கடற்கரை ஒடுங்கும், கோடையில் அகலும். ஜனவரிப் படத்தை ஓகஸ்ட் படத்தோடு ஒப்பிட்டால் இல்லாத அரிப்பு தெரியும், இருக்கும் அரிப்பு மறையும். அதோடு லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம், அதாவது ஏறக்குறைய 35 பேர்ச்சஸ். சாய்ந்தமருதில் அதற்குள் எத்தனை வளவுகள் அடங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவரின் மீன்வாடி முழுதாகப் போனாலும் அந்தப் படத்துக்குத் தெரியாது. 2015 முதல் கிடைக்கும் சென்டினல் 2 படங்களில் ஒரு புள்ளி நான்கு பேர்ச்சஸ் அளவு என்பதால் ஓரளவு உதவும். வெள்ள நாட்களில் முகில் மறைத்தாலும் ராடார் கொண்ட சென்டினல் 1 தண்ணீரைக் காணும். இவையும் இலவசம்.

தொழில்நுட்பமோ ஆளோ இல்லை என்று சொல்ல முடியாது. ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் புவியியல் துறையினர் இந்தக் கரையைப் பற்றி ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அவை ஆங்கிலச் சஞ்சிகைகளில் கிடக்கின்றன. பிரதேச செயலகத்தில் நட்டஈடு கேட்டு நிற்கும் மீனவரின் கையில் அவை இல்லை. பழைய ஓடைகள், தோணாக்கள், ஆண்டுவாரிக் கரைக்கோடுகள் குறித்த வரைபடம் ஒன்று தமிழில் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தொங்க வேண்டும். நிரப்பும் அனுமதி ஒவ்வொன்றும் அதில் இலக்கமிட்டுக் குறிக்கப்பட வேண்டும். அனுமதிப் பத்திரங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கேட்கலாம்.

வரைபடத்தில் இல்லாதது இன்னும் உண்டு. எந்த மாரியில் எந்தத் தோணா உடைத்துக்கொண்டது, முன்பு கரைவலை எதுவரை இழுத்தார்கள் என்பதெல்லாம் வயதான மீனவர்களுக்கும் வயற்காரர்களுக்கும் தெரியும். அவர்களை அந்த இடத்துக்கே கூட்டிப்போய் ஒரு கைபேசியில் புள்ளி வைத்துக்கொள்ள அரைநாள் போதும்.