ஃபில்டர் பண்ணிக் குடிச்சும் மஞ்சள் காமாலையா? ட்ரெக்கிங் போறவங்க கவனிக்க!

"ரெண்டு நாளா சோறே இறங்கலைங்கிற. கண்ணைக் காட்டு" என்றார் அம்மா. காட்டினேன். அடுத்த அரை மணி நேரத்தில் ஆட்டோவில் இருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு: ஹெபடைடிஸ் ஏ. நம் ஊர் பாஷையில் மஞ்சள் காமாலை.

"சமீபத்துல வெளியூர்ல எங்கேயாவது தண்ணி குடிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மூன்று வாரத்துக்கு முன்பு நண்பர்களோடு மலையேறியது ஞாபகம் வந்தது. "ஓடைத் தண்ணி குடிச்சேன் சார். ஆனா, ஃபில்டர் பண்ணித்தான்!" என்றேன். ஆன்லைனில் ஆசையாக வாங்கிய ஃபில்டர் அது. "அது பாக்டீரியாவைப் பிடிக்கும்மா. வைரஸை விட்டுடும்" என்றார் டாக்டர்.

அந்த ஓடையால்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. வழியில் குடித்த ஜூஸாகக்கூட இருக்கலாம். ஆனாலும், கஞ்சியும் ஓய்வுமாகக் கிடந்த அந்த நாள்களில் ஒன்று புரிந்தது. எந்த ஃபில்டர் நல்லது என்று தேடிய நான், தண்ணீரில் என்ன இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

யார் யாரைத் தடுக்கும்?

மலையேறுபவர்கள் வைத்திருக்கும் ஃபில்டர்களில் பெரும்பாலானவற்றின் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான். பாக்டீரியாவும், ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணிகளும் இதில் சிக்கிக்கொள்ளும். ஹெபடைடிஸ் ஏ வைரஸோ சுமார் 0.03 மைக்ரான்தான். கொசுவலைக்குள் தூசி புகுவதுபோல் சுலபமாகப் போய்விடும்.

இந்த வைரஸ் மனிதக் கழிவிலிருந்து வருவது. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் ஆபத்து குறைவு. ஆனால், நம் மலைகள் அப்படியா? வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை எவ்வளவு கூட்டம் ஏறுகிறது! அத்தனை பேரும் வழியில் எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசித்தாலே போதும்.

குளோரின் மாத்திரை இதற்கு நேர்மாறு. வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் மட்டும் தோற்றுவிடும்.

புற ஊதாக் கதிர் பேனா எல்லாக் கிருமிகளையும் செயலிழக்கச் செய்யும். ஆனால், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் அது வெறும் பேனாதான்.

எல்லாவற்றையும் ஜெயிப்பது கொதிக்கவைப்பது. தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். ஆனால், காட்டுக்குள் தீ மூட்டத் தடை இருக்கிறது. காட்டுத்தீ அபாயமும் உண்டு. அதனால் தங்கும் இடத்திலேயே கொதிக்கவைத்து, ஆறவைத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்போ எதை வாங்குறது?

ஒருநாள் ட்ரெக்கிங் என்றால் எதையும் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்தே 3 லிட்டர் சுமந்து போங்கள். தோள் வலி ஒரு நாளில் சரியாகிவிடும்.

இரண்டு, மூன்று நாள் என்றால் என் ஓட்டு ஃபில்டர், மாத்திரை இரண்டுக்கும். ஒன்று விடுவதை இன்னொன்று பிடிக்கும். செய்யும் வரிசை இதுதான்:

* கலங்கலாக இருந்தால் சற்று நேரம் தெளியவிட்டு, துணியில் வடிகட்டுங்கள்.

* அடுத்து ஃபில்டர். அதன்பிறகே மாத்திரை.

* மாத்திரை அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று பாருங்கள். 20 லிட்டர் குடத்துக்கான மாத்திரையும் கடையில் கிடைக்கிறது. அதை 1 லிட்டர் பாட்டிலில் போட்டுவிடாதீர்கள்!

* மூடியை லேசாகத் திருகி, மருந்து கலந்த தண்ணீரைக் கொஞ்சம் வழியவிடுங்கள். வாய் வைக்கும் இடமும் சுத்தமாகும்.

* 30 நிமிடம் காத்திருங்கள். அதற்குள் ஒரு மடக்கும் கூடாது.

இன்னொன்று. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். அதில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தாலும், மாத்திரை போட்டாலும் அது போகாது.

ஹெபடைடிஸ் ஏ-வுக்குத் தடுப்பூசி உண்டு. அடிக்கடி மலையேறுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் என்று எது வந்தாலும், மலைத் தண்ணீர் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

போன மாதம் மறுபடி மலையேறினேன். "குளோரின் நாத்தம் தாங்கலை. அரை மணி நேரம் வேற உட்காரணுமா?" என்று தோழி அலுத்துக்கொண்டாள். அம்மா கொடுத்துவிட்ட கடலைமிட்டாயை நீட்டினேன். பாக்கெட் காலியாவதற்குள் நேரம் ஆகிவிட்டது.

அடுத்த வாரம்: அட்டைக்கடிக்கு உப்பா, புகையிலையா?