கேள்வி ஊரிலிருந்து வரட்டும்

ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதக் கருத்துருவில் சொன்னது. கொரோனா ஓய்ந்தாலும் ஆன்லைன் செமினார் ஓயாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் நம் பேச்சு இன்னும் சிக்னலையும் டேட்டாவையும் தாண்டவில்லை. அவை தேவைதான். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது பேருதவி. ஆனாலும் முதலாமாண்டுப் பிள்ளைகள் மியூட்டிலேயே இருப்பதற்கு டேட்டா மட்டும் காரணமில்லை. பிளஸ் டூ வரை கேள்வியும் பதிலும் ஒரே கைடில் அச்சாகி வந்தன. சொந்தமாக ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அவர்களை யாரும் பழக்கவில்லை.

திண்டுக்கல்காரர்களுக்கு இதற்கான வழி பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956இல் கிராமிய நிறுவனம் உருவாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து ஊராரிடம் கேட்டறியச் செய்வது அங்கே படிப்பின் பகுதி. ஆன்லைன் வகுப்பிலோ மாணவர் ஏற்கெனவே ஊரில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

'தோல் தொழிற்சாலைகளும் திண்டுக்கல் நிலத்தடி நீரும்' என்று தலைப்புக் கொடுத்தால், வெட்டி ஒட்டிய பிபிடி வரும். உங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை எதற்கெல்லாம் புழங்குகிறார்கள், குடிப்பதை எப்போது நிறுத்தினார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லிப் பாருங்கள். அப்பத்தா ஒரு வருடம் சொல்வார். எதிர்வீட்டுத் தாத்தா இன்னொரு வருடம் சொல்வார். யார் சொல்வது சரி, எதை வைத்துச் சரிபார்ப்பது என்று மாணவர் திணறும் இடத்தில்தான் ஆய்வு பிறக்கிறது. நீர்த்தர அறிக்கைகளை அப்போது கையில் கொடுங்கள். முன்பே கொடுத்தால் அதுவும் ஒரு கைடுதான்.

அறுபது பேரைக் கூகுள் மீட்டில் அடைத்து இதைச் செய்ய முடியாது. ஆறேழு பேர் கொண்ட குழுக்கள் போதும். பேசத் தயங்குபவர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பட்டும். ஒற்றை அறை வீட்டிலிருந்து படிக்கும் பெண்ணிடம் கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கேள்வி கேட்டபின் திரையில் நிலவும் அமைதியை ஆசிரியரே பதில் சொல்லி நிரப்பிவிடக் கூடாது. இது கடினம், ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இன்டர்னல் மதிப்பெண் இன்று பெரும்பாலும் பிபிடிக்கே போகிறது. மாணவர் திரும்பத் திரும்பத் திருத்திக் கூர்மையாக்கிய கேள்விக்கு எதுவும் கிடைப்பதில்லை. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் துறைத்தலைவர்கள் இதை எழுப்பி, கேள்விக்கும் மதிப்பெண் ஒதுக்கச் செய்ய வேண்டும்.