அடி வாஷிங்டனில்... வலி ஆம்பூரில்!

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27. நமது வணிகப் பெருமக்கள் மறந்துவிடக் கூடாத நாள்.

இந்தியாவிலிருந்து அமெரிக்கா செல்லும் பெரும்பாலான சரக்குகளின் மீதான கூடுதல் சுங்கவரி அன்றுதான் 50 சதவிகிதத்தைத் தொட்டது. முதல் 25 சதவிகிதம் அதே மாதம் 7ஆம் தேதி விழுந்தது. "ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறீர்கள்" என்ற குற்றத்திற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவிகிதம்!

எண்ணெய் வாங்கியது யார்? பெரிய பெரிய சுத்திகரிப்பு ஆலைகள். அடி வாங்கியது யார்? ஆம்பூரில் காலணியின் மேல்பாகம் தைக்கும் பெண். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிலாளி. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு பனியன் தைக்கும் இளைஞன்.

மலிவு விலையில் எண்ணெய் வந்ததே, அதன் பலனாவது இவர்களுக்குக் கிடைத்ததா? 2022 மே மாதத்திற்குப் பிறகு 2025 முடியும்வரை பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் நிறுவனங்கள் குறைத்தது 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய். அதுவும் தேர்தல் வாசலில்! லாபம் ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கு. வர்த்தகப் போர் என்று நாளேடுகள் எழுதுகின்றனவே, அதன் உண்மையான முகம் இதுதான்.

வரி கட்டுவது யார்?

"இந்தியா மீது 50 சதவிகிதம் வரி" என்று செய்தி வந்ததும், நம் அரசு அமெரிக்காவுக்குப் பணம் கட்டப்போகிறது என்று பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது அதை இறக்குமதி செய்யும் அமெரிக்க வியாபாரிதான் அவனுடைய அரசுக்கு வரி கட்டுகிறான். அவனுக்கு மூன்று வழிகள். ஒன்று, விலையை ஏற்றி அமெரிக்க மக்களின் தலையில் கட்டுவது. இரண்டு, "பாதியை நீ தாங்கிக்கொள், விலையைக் குறை" என்று நம்மவரின் கழுத்தைப் பிடிப்பது. மூன்று, ஆர்டரையே வேறு நாட்டுக்கு மாற்றுவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி செருப்பு அனுப்புகிறோம். ஏற்கெனவே இருந்த தீர்வையை விட்டுவிடுவோம். புதிய 50 சதவிகிதத்தோடு அது 1,500 ரூபாய் ஆகிறது. அதே ஆகஸ்டில் வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் விதிக்கப்பட்டது 20 சதவிகிதம். அவர்கள் சரக்கு 1,200 ரூபாய். பாகிஸ்தானுக்கு 19 சதவிகிதம். வாங்குகிறவன் எங்கே போவான்? நூற்றுக்கு ஐந்தோ பத்தோ லாபம் பார்க்கும் தொழிலில் முன்னூறு ரூபாய் வித்தியாசத்தை எந்த முதலாளியால் தாங்க முடியும்?

நடந்ததும் அதுதான். திருப்பூர், நொய்டா, சூரத் ஆகிய ஊர்களில் ஜவுளி உற்பத்தியாளர்கள் உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஏற்றுமதியாளர் அமைப்புகளின் கூட்டமைப்பே அந்த ஆகஸ்டில் அறிவித்தது. நாட்டின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போவது 20 சதவிகிதம் என்றால், தமிழ்நாட்டிலிருந்து போவது 31 சதவிகிதம் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நாட்டுக்கு விழுந்த அடியில் நம் மாநிலத்தின் பங்கு அதிகம் என்பது இதன் பொருள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஈரோடு, திண்டுக்கல் என்று தோல் தொழிலில் தலைமுறைகளாக ஊறிய நம் சமுதாயத்திற்கு இது தூரத்துச் செய்தியல்ல. வீட்டுச் செய்தி!

மாமியார் உடைத்தால் மண்குடம்!

இந்த வரிகளை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அதிபர் டிரம்ப் ஒரு பட்டியலைத் தூக்கிக் காட்டினார். "எங்கள் மீது நீங்கள் போடும் வரிக்குப் பதில் வரி" என்றார். ஆனால் எந்த நாடு எவ்வளவு வரி போடுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு நாட்டோடு அமெரிக்காவுக்கு எவ்வளவு வர்த்தகப் பற்றாக்குறை என்று பார்த்தார்கள். அதை அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியின் மதிப்பால் வகுத்தார்கள். கிடைத்ததில் பாதி, வரி! இப்படித்தான் இந்தியாவுக்கு முதலில் 26 சதவிகிதம் வந்தது.

தென்னாப்பிரிக்காவின் நடுவில் லெசோதோ என்று ஒரு சின்னஞ்சிறு ஏழை நாடு. அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்பிப் பிழைக்கிறது. அமெரிக்கச் சரக்கை வாங்க அதனிடம் காசில்லை. ஏழையாக இருந்த குற்றத்திற்கு அந்தப் பட்டியலில் அதற்கு 50 சதவிகிதம்! பிறகு அதைக் குறைத்தார்கள் என்பது வேறு கதை. குறைப்பதற்குள் எத்தனை ஆர்டர் போகும், எத்தனை அடுப்பு அணையும்?

1994இல் டங்கல் திட்டத்தை நம் தலையில் கட்டும்போது என்ன சொன்னார்கள்? "சந்தையைத் திறந்து விடுங்கள். இனி உலக வர்த்தகம் சட்டப்படி நடக்கும். பெரிய நாடு, சிறிய நாடு என்ற பேதமில்லை" என்றார்கள். 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. இன்று அதன் மேல்முறையீட்டு மன்றம் என்ன ஆயிற்று? புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா ஒப்புக்கொள்ளாததால் 2019 டிசம்பரிலேயே அது செயலிழந்துவிட்டது. ஊருக்குப் பஞ்சாயத்து வைத்தவனே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்!

ரஷ்ய எண்ணெய்க் கதையிலும் இதே நீதிதான். நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்குவது சீனா. அதற்கு அந்தத் தண்டனை வரி இல்லை. ஐரோப்பா ரஷ்ய எரிவாயுவை வாங்கியது. அதற்கும் இல்லை. சீனா திருப்பி அடிக்கும் என்பது வாஷிங்டனுக்குத் தெரியும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

வரலாறு சொல்லும் பாடம்

இந்த நாடகம் புதிதல்ல. 1930 ஜூன் 17ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஹூவர் ஒரு சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டு வந்த ஸ்மூட், ஹாலி என்ற இருவரின் பெயரால் அது இன்றும் அழைக்கப்படுகிறது. "வேண்டாம், நாடு கெடும்" என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் மனுக் கொடுத்தார்கள். கேட்கவில்லை.

அமெரிக்கா ஒரு டஜன் முட்டைக்கு வரியை 8 சென்டிலிருந்து 10 சென்டாக்கியது. கனடா தன் முட்டை வரியை 3 சென்டிலிருந்து 10 சென்டாக்கியது. அமெரிக்கக் கோழிப்பண்ணைக்காரனின் முட்டைதான் விலை போகாமல் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் கதவைச் சாத்தின. ஏற்கெனவே தொடங்கியிருந்த பெருமந்தத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. 1929இல் 500 கோடி டாலரைத் தாண்டியிருந்த அமெரிக்க ஏற்றுமதி, 1932இல் அதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஹூவரும் தோற்றார், ஸ்மூட்டும் தோற்றார். ஹாலிக்குச் சொந்தக் கட்சியே மறுபடி வாய்ப்புத் தரவில்லை!

2018இல் மறுபடியும். அந்நிய வாஷிங் மெஷின்களுக்கு 20 முதல் 50 சதவிகிதம் வரி போட்டார்கள். விலை ஏறத்தாழ 12 சதவிகிதம் ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரமும் கூடவே விலை ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தானே விற்கிறார்கள்! உள்நாட்டில் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது உண்மை. ஆனால் ஒரு வேலைக்கு அமெரிக்க மக்கள் கொடுத்த விலை ஆண்டுக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் சீனா அமெரிக்க சோயாபீனுக்கு 25 சதவிகிதம் வரி போட்டது. 2017இல் சுமார் 1,200 கோடி டாலருக்குச் சீனா சென்ற சோயா, 2018இல் சுமார் 300 கோடி டாலருக்கு விழுந்தது. அந்த இடத்தில் பிரேசில் போய் உட்கார்ந்தது. சொந்த விவசாயிகளின் கண்ணீரைத் துடைக்க அமெரிக்க அரசு 2,800 கோடி டாலர் உதவி அறிவிக்க வேண்டியதாயிற்று. சோயாவில் போன வாடிக்கை முழுதாகத் திரும்பவில்லை.

வியாபாரிகளுக்கு இந்தக் கடைசி வரி புரியும். வாடிக்கை என்பது குழாய்த் தண்ணீரல்ல, மூடித் திறக்க! 2025 ஆகஸ்டுக்குப் பிறகு பேச்சுவார்த்தை, நீதிமன்ற வழக்கு, புதிய அறிவிப்பு என்று அமெரிக்க வரியின் எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. எண் இறங்கினால் நிம்மதிதான். ஆனால் அந்த இடைவெளியில் வியட்நாமுக்குப் போன ஆர்டர், எண் இறங்கிய மறுநாளே ஆம்பூருக்குத் திரும்பி வந்துவிடுமா?

வரி என்றாலே தீதா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சுங்கவரி என்றாலே தீமை என்பது நம் கட்சியல்ல. கத்தி சமையலறையிலும் இருக்கிறது, திருடன் கையிலும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் துணிகள் மீது 70, 80 சதவிகிதம் வரை வரி போட்டுத்தான் பிரிட்டன் தன் ஆலைகளை வளர்த்தது. வளர்ந்த பிறகு நமக்குச் "சுதந்திர வர்த்தகம்" போதித்தது! 1896இல் இந்திய ஆலைத் துணிக்கே 3.5 சதவிகிதம் கலால் வரி போட்டது. மான்செஸ்டர் துணிக்கு இங்கே போட்டி வந்துவிடக் கூடாதாம்!

நம் தோல் தொழிலின் கதையையே பாருங்கள். பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலத்தில், லாபம் முழுவதும் வெளிநாட்டு ஆலைகளுக்குப் போனது. 1970களில் அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. எதிர்ப்பும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் முழுத் தோலும் காலணியும் இங்கேயே உருவாகின. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை வந்தது. வளரும் தொழிலைக் காக்கும் வேலிக்கும், பக்கத்து வீட்டுக்காரனை மண்டியிட வைக்கும் தடிக்கும் வித்தியாசம் உண்டு.

பதிலுக்கு நாமும் தடி எடுக்கலாமே என்று இளைஞர்கள் கேட்கலாம். 2019 ஜூனில் எடுத்தோம். பாதாம், வால்நட், ஆப்பிள், கொண்டைக்கடலை உள்ளிட்ட 28 அமெரிக்கப் பொருள்களுக்கு வரியை ஏற்றினோம். ரோஷம் தீர்ந்தது. அந்தச் சுமை பாதாம் பருப்பு விற்கும் நம் மளிகைக் கடைக்காரரின் மீதும் வாடிக்கையாளரின் மீதும்தானே இறங்கியது? 2023இல் அவற்றில் பலவற்றை நாமே நீக்கினோம். திருப்பி அடிப்பதற்கு முன், அடி யார் மீது விழும் என்று கணக்குப் பார்ப்பதுதான் அரசாட்சி.

நிவாரணம் யாருக்கு?

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பஞ்சு இறக்குமதி மீதான 11 சதவிகித வரி 2025 இறுதிவரை நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி மேம்பாட்டுத் திட்டத்தையும், ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை கடன் உத்தரவாதத்தையும் அறிவித்தது.

நல்லது. ஆனால் யார் அந்த "ஏற்றுமதியாளர்"? கப்பல் ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர். ஜாப் ஒர்க் எடுத்து இருபது மெஷின் போட்டு ஓட்டுகிறாரே, அவர் பெயர் எந்த ரசீதில் இருக்கிறது? தோலுக்குச் சாயம் ஏற்றித் தருகிறவர், பக்கிளும் நூலும் சப்ளை செய்கிறவர், அட்டைப்பெட்டி செய்கிறவர் — ஆர்டர் நின்றால் முதலில் நிற்பது இவர்களுடைய சக்கரம். நிவாரணம் வரும்போது கடைசியில் நிற்பதும் இவர்களே! இவர்களிடம் வேலை பார்த்துவிட்டு "நாளை வரவேண்டாம்" என்ற ஒரு வார்த்தையோடு வீட்டுக்குப் போகும் பெண்களைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு வரி உண்டா?

எனவே மத்திய, மாநில அரசுகளிடம் நாம் கேட்பது இதுதான். ஏற்றுமதிக்கு வேலை செய்யும் ஜாப் ஒர்க் கூடங்களைக் கணக்கெடுத்து, கடன் உத்தரவாதத்திலும் தவணை ஒத்திவைப்பிலும் அவற்றைச் சேர்க்க வேண்டும். ஆர்டர் இல்லாமல் வேலை இழந்தவர்களுக்கு நேரடி ஊதிய உதவி வேண்டும். வெளிநாட்டுக் கொள்கையின் விலையை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதைத் தைக்கிறவளின் தோளில் மட்டும் ஏற்றக் கூடாது.

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. வியாபாரிகளே! ஒரே நாடு, ஒரே வாடிக்கையாளர் என்று எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்தது யார் தவறு? ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே மாதம் முதல் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தானது. வளைகுடாவைப் பிழைப்புக்குப் போகும் இடமாக மட்டும் பார்த்தது போதும். சரக்கு விற்கும் சந்தையாகவும் பாருங்கள். வாங்குகிறவன் கைவிரித்தால் நஷ்டத்தைத் தாங்க ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் 1957 முதல் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறோம்?

ஜாப் ஒர்க் தரும் பெரிய முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. "அமெரிக்காக்காரன் பணம் அனுப்பவில்லை" என்று ஆறு மாதம் இழுத்தடித்தால், வாஷிங்டன் நமக்குச் செய்ததைத்தான் நாம் நம் பக்கத்துத் தெருக்காரருக்குச் செய்கிறோம்!

இளைஞர்களே! வாய்மொழி ஆர்டரில் தொழில் செய்த காலம் போய்விட்டது. உதயம் பதிவு, ஏற்றுமதி ஆவணம், ஒப்பந்த வாசகம் இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். படித்த பத்துப் பேர் சேர்ந்து உங்கள் ஊரில் எத்தனை கூடங்கள், எத்தனை தொழிலாளிகள், எத்தனை நாள் வேலை நின்றது என்று எழுதி எடுங்கள். அந்தப் பட்டியலோடு மாவட்டத் தொழில் மையத்திற்குப் போங்கள். கண்ணீரைத் தள்ளிவிடும் அதிகாரிக்குக் கணக்கைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதல்ல.

வல்லரசுகள் மோதிக்கொள்ளட்டும், சமாதானம் பேசட்டும். எண் நாற்பதாகலாம், பதினைந்தாகலாம். அடுத்த அடி எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போதும் நாம் கப்பல் ரசீதில் பெயரில்லாதவர்களாகவே நிற்கப் போகிறோமா?