சொன்னவனுக்குச் சிறை!

படைவீரனின் கடமை என்ன? மேலதிகாரி இட்ட கட்டளையை நிறைவேற்றுவது! யாருக்காக? நாட்டுக்காக! நாடு என்றால் யார்? மக்கள்! சரி, மேலதிகாரி "மூடி வை" என்கிறார், மக்களோ "நடந்தது என்ன?" என்று கேட்கும் உரிமை பெற்றவர்கள். வீரன் எவர் பக்கம் நிற்பது?

ஆஸ்திரேலியாவிலே இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. விடையும் வந்தது. அந்த விடைக்கு ஒரு மனிதர் கொடுத்த விலை 5 ஆண்டு 8 மாதச் சிறை!

அவர் டேவிட் மெக்பிரைட். முதலில் பிரிட்டிஷ் பட்டாளத்திலே அதிகாரி. பிறகு ஆஸ்திரேலிய இராணுவத்தின் சட்ட அதிகாரி, மேஜர். 2011இலும் 2013இலும் ஆப்கானிஸ்தான் சென்று வந்தவர். தலைமையின் போக்கு தவறு என்று உள்ளேயே முறையிட்டார், பயனில்லை. போலீசிடம் போனார், பயனில்லை. கடைசியில் இரகசிய ஆவணங்களை அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் செய்தியாளர்களிடம் கொடுத்தார். 2017 ஜூலையிலே செய்தி வெடித்தது. ஆயுதமற்றவர்களும் சிறுவர்களும் சிறப்புப் படையினரால் கொல்லப்பட்ட கதை உலகின் முன் வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது, தோழர்களே! மெக்பிரைட்டின் முதல் முறையீடு வேறு. வீரர்கள்மீது தேவையற்ற விசாரணைகளைத் தலைமை ஏவுகிறது என்பதே அவர் குறை. ஆனால் அவர் கொடுத்த தாள்களைப் புரட்டியவர்கள் கண்டது கொலை! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வெட்டியவன் நினைத்தது தண்ணீர்தான். அதனால் பூதம் பொய்யாகி விடுமா?

பொய்யில்லை என்றது இராணுவமே! 2016இலேயே தொடங்கியிருந்த விசாரணையின் அறிக்கையை 2020 நவம்பரில் வெளியிட்டார்கள். நடத்தியவர் பால் பிரேர்ட்டன், நீதிபதி, இராணுவத்தில் மேஜர் ஜெனரல். அவர் சொன்னது: 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு, 25 படையினருக்கு அதில் தொடர்பு. போரின் வெறியிலே நடந்ததல்ல. புதிய வீரனின் 'கைராசிக்கு'க் கைதியைச் சுடச் சொன்னார்களாம்! செத்தவன் பக்கத்திலே துப்பாக்கியைப் போட்டுப் 'பகைவன்' என்று கணக்கெழுதினார்களாம்!

இதன் பின்னும் கூண்டிலே ஏறியவர் மெக்பிரைட்! 2018இல் கைது. 2019 ஜூனில் ஏபிசி அலுவலகத்திலே போலீஸ் சோதனை. செய்தி எழுதியவர்மீது வழக்கு வேண்டாம், அது பொதுநலன் அல்ல என்று 2020 அக்டோபரில் விட்டார்கள். நல்லது! ஆனால் செய்தியைத் தந்தவரோ, பொதுநலனுக்காகத் தந்தேன் என்று சொல்லவும் வழியில்லை. சட்டப்படியான கட்டளையை மீறிப் பொதுநலன் பார்ப்பது படைவீரனின் கடமையில் சேராது என்று கான்பெரா நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறிவிட்டது. வாதத்துக்கு வழியடைத்தபின் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2024 மே 14இல் சிறை. அன்றைய நாள்வரை, ஆப்கன் கொலைகளுக்காக அந்தப் படையினரில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2023இல் ஒருவர்மீது மட்டும் கொலைக் குற்றச்சாட்டு! மெக்பிரைட்டின் மேல்முறையீடும் 2025 மே மாதம் தள்ளுபடி.

"படைக்குக் கட்டுப்பாடு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்! நாளை படை எந்த வழியாகப் போகும் என்பது இரகசியம். அது வீரனைக் காக்கும். நேற்று நிராயுதபாணியைச் சுட்டது இரகசியமா? அது குற்றவாளியைக் காக்கும்! இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்துச் சாவியை அதிகாரியின் இடுப்பிலே செருகினால், எதைக் காக்கிறது அந்தப் பூட்டு? ஆலைக் கொதிகலனிலே விரிசல் கண்ட தொழிலாளி, "வாயை மூடு" என்று மேஸ்திரி சொன்னதற்காக மூடிக்கொண்டால், அது கட்டுப்பாடா, கொலைக்குத் துணையா?

மதுரையிலே தன் ஆட்களால் அநீதி நடந்ததென்று தெரிந்தபோது பாண்டியன் உயிரையே விட்டான். சிலம்பை உடைத்துக் காட்டியவளைச் சிறையிலே தள்ளவில்லை! முடியாட்சிக்கு இருந்த நாணம் குடியாட்சிக்கு வேண்டாமா?

உண்மையை வெளியிட்டவரைச் சட்டம் தண்டிக்கிறது என்றால், உடனே மாற்ற வேண்டியது சட்டத்தை! பொதுநலன் என்ற வாதத்தை நீதிமன்றத்திலே எடுத்து வைக்கும் உரிமையாவது அவருக்கு வேண்டும். இல்லையேல் அடுத்த அதிகாரி பார்ப்பார், பயப்படுவார், பேசாதிருப்பார். அந்த மௌனத்திலே அடுத்த கைதியின் பிணம் விழும்!