வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

வடக்குத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. வாங்கலாமா, வேண்டாமா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பத்திரத்தில் சந்தேகமென்றால் வக்கீலிடம் போயிருப்பார். சுவரில் விரிசலென்றால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார். அவருடைய சந்தேகம் பக்கத்து வீட்டு நாய்களைப் பற்றியது. அதற்கு ஊரில் நிபுணர் யாரும் இல்லை. ஆகவே கதை எழுதுகிறவனிடம் வந்தார்.

நண்பர் நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்டு பார்த்தவர். 1957-இல் நேரு தொடங்கி வைத்த சுரங்கம் அது. அந்த ஊரில் நடுப்பகலில் தூங்குகிறவனும், நடுநிசியில் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குக் கிளம்புகிறவனும் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். தூக்கத்தின் அருமை அங்குள்ளவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஆனால் பழகிய ஊரை விட்டுப் போக மனம் வராது. அப்படிப்பட்டவர்கள் பக்கத்திலேயே வடக்குத்து போன்ற இடங்களில் வீடு தேடுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள் போய்விடும். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள அது சட்டையல்ல.

தரகர் வீட்டைக் காட்டியது பகல் பதினொரு மணிக்கு. வீடுகளைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட நேரம் அது! பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வெயில் தெருவில், நாய்கள் உறக்கத்தில். நண்பர் ஷிப்டுக்காரரல்லவா, இரவு பத்தரைக்குத் தனியாக இன்னொரு முறை போனார். பக்கத்து வீட்டில் மதிலுக்கும் சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து. அதில் நான்கு நாய்கள், நான்கு சங்கிலிகள். ஒன்று ஆரம்பித்தால் மற்ற மூன்றும் கூடப் பாடுகின்றன. ஒரு மணி நேரம் நின்றார். ஒரு மணி நேரமும் ஓயவில்லை. படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கந்தான்.

விற்கிறவரைக் கேட்டால், "பத்து நாள்ல பழகிடும் சார்" என்றார். தரகர் இன்னும் ஒருபடி மேலே போய், "திருட்டு பயமே இல்ல சார், சம்பளமில்லாத வாட்ச்மேன்!" என்றார். நான் கேட்கிறேன்: காற்றடித்தாலும் கூச்சல், இலை விழுந்தாலும் கூச்சல், ராத்திரி பூராவும் கூச்சல் என்றிருக்கிற ஒரு வாட்ச்மேனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? உண்மையாகவே திருடன் வருகிற அன்றைக்கு அந்தக் குரைப்பைக் கேட்டு எவன் எழுந்து பார்க்கப் போகிறான்?

"கிராமம்னா நாய் குலைக்கத்தான் செய்யும்" என்று ஒரு கட்சி உண்டு. அது பாதி உண்மை. கிராமத்து நாயை நானும் அறிவேன். அது தெருவில் திரியும்; அந்நியனைக் கண்டால் குரைக்கும்; அவன் போனதும் திண்ணையோரம் சுருண்டுகொள்ளும். அதற்கு வேலையும் உண்டு, ஓய்வும் உண்டு. சந்தில் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு இரண்டும் இல்லை. ஓட வழியில்லாத, முகர மண்ணில்லாத, பார்க்க மதிலைத் தவிர எதுவுமில்லாத பிராணி வேறு என்ன செய்யும்? அந்தக் குரைப்பு காவலல்ல, ஒரு மனு. அதை வாங்கிப் படிக்க வேண்டிய எஜமானர் உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறார். படிக்கிற தண்டனை அடுத்த வீட்டுக்காரனுக்கு!

இது வெறும் என் அபிப்பிராயம் அல்ல. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இலேயே வந்துவிட்டது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடையோ ஓட்டமோ தராமல் விடுவதையும் அதன் 11-ஆம் பிரிவு கொடுமை என்றே சொல்கிறது. 2025-இல் தெருநாய்ப் பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை போய், தேசமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிற்று. தெருநாய்க்கு எதிரிகளும் இருந்தார்கள், வக்கீல்களும் இருந்தார்கள். எஜமானன் உள்ள நாயைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. 'என் வீடு, என் நாய்' என்கிற ஒரு வார்த்தை எல்லோர் வாயையும் அடைத்துவிடுகிறது. வீடு உங்களுடையது, நாய் உங்களுடையது, சரி. சத்தம் யாருடையது, ஐயா? அது உங்கள் மதிலோடு நிற்கிறதா?

நாம் வீடு வாங்குகிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வாஸ்து பார்க்கிறோம், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறோம். பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம்: கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் வீடு என்று. அந்த இன்னார் எப்படிப்பட்டவர் என்று மட்டும் விசாரிப்பதில்லை. வாங்குகிறவன் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறைகளை விற்கிறவன் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். நாய்க் குரைப்பு அதில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஒரு ராத்திரி போய் நின்றாலே காதில் விழுகிற குறையை நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. சொல்லட்டும். வீட்டை வாங்கிவிட்டு, விதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற கிழவருக்கு அந்த வருஷத்துத் தூக்கத்தை யார் திருப்பித் தருவார்கள்?

"கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா?" என்பார்கள். இந்த அனுசரிப்பு என்கிற உபதேசம் எப்போதும் உபத்திரவப்படுகிறவனுக்குத்தான் கிடைக்கிறது; உபத்திரவம் கொடுக்கிறவனுக்கு யாரும் சொல்வதில்லை.

நண்பருக்கு நான் சொன்ன யோசனை ஒன்றுதான்: "அண்ணே, முன்பணம் கொடுக்கும் முன்னால் அந்த நாய்க்காரரைப் போய்ப் பாருங்கள். நாய் குரைக்கிறதா என்பதல்ல கேள்வி; சொன்னால் அந்த மனிதர் காது கொடுக்கிறாரா என்பதுதான். 'அப்படியா, ராத்திரியில் பின்கட்டில் விடுகிறேன்' என்று சொன்னால் நான்கல்ல, எட்டு நாய் இருந்தாலும் வாங்குங்கள்."

போனார். பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். நாய்க்காரர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, "பிடிச்சா வாங்குங்க, பிடிக்கலன்னா வேற இடம் பாருங்க" என்றாராம்.

நண்பர் வேறு இடம் பார்க்கிறார். விலை இன்னும் கூடுதலாகத்தான் ஆகும்; குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாளும் நெருங்குகிறது. நியாயம் கேட்டவர் விலகிப் போக, கேளாதவர் நாற்காலியிலேயே இருக்கிறார். வாங்க வேண்டாம் என்று சொன்ன எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை.

அந்த வீடு இன்னும் விற்கவில்லை என்று கேள்வி. அதைப் பார்க்க இன்னொரு ஷிப்டுக்காரர் வருவார்; தரகர் அவரைப் பகல் பதினொரு மணிக்குத்தான் அழைத்து வருவார். அவர் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதினேன்.