அந்தியில் அடையும் குஞ்சுகள்



கீரிப்பாறையில் ரப்பர் தோட்டங்களை ஒட்டி வாழ்வோருக்குக் கோழி வளர்ப்பு புதிதன்று. ஊரின் பெயரிலேயே கீரி இருக்கிறது. மலையடிவாரம் ஆதலால் மரநாயும் பாம்பும் உண்டு. மஃக்ரிப் பாங்கு ஒலித்த பின்னும் வெளியே நிற்கும் குஞ்சு விடியும் வரை உயிரோடிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தாய்க்கோழியோடு வளரும் குஞ்சுகளுக்கு நாம் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. தாயின் பின்னே சென்று அவை அடைந்துவிடும். விலைக்கு வாங்கிய, தாயறியாத குஞ்சுகளே தடுமாறுகின்றன. அத்தகைய எட்டுக் குஞ்சுகளை வாங்கிய நாம், மூன்றாம் நாளே திறந்துவிட்டோம். அந்தியில் கம்பெடுத்து விரட்டினோம். அவை புதருக்குள் சிதறின. விடிந்தபோது ஐந்துதான் மிஞ்சின. அமானிதமாக வந்த உயிர்களை நம் அவசரத்தால் இழந்தோம்.

பிறகு, அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் சொன்னபடி செய்தோம். பத்து நாள்கள் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனியும் நீரும் கொடுத்தோம். பின்னர், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில், இரை வைக்காமல் பசியோடு திறந்துவிட்டோம். பசித்த குஞ்சு தொலைவு செல்லாது. வெளிச்சம் மங்குமுன் ஒரே ஒலியால் அழைத்து, கூட்டுக்குள் மட்டும் தானியம் இட்டோம். கோழிக்கு மங்கிய ஒளியில் பார்வை குறைவு. ஆகவே உள்ளே சிறு விளக்கொன்றை ஏற்றிவைத்தோம். அப்படியும் வெளியே ஒண்டியவற்றை, இருட்டிய பின் மெல்லக் கையிலெடுத்து உள்ளே விட்டோம். நாள்தோறும் வெளியே விடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். சில நாள்களில் அவை தாமாகவே அடையத் தொடங்கின, அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதக் காரணம் கோழி மட்டுமன்று. மஃக்ரிபுக்குப் பின்னும் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் நம்மிடம் முறையிடுகின்றனர். வாப்பா வளைகுடா நாட்டில். உம்மா தனியே பாடுபடுகிறார். தாமதமாக வரும் பிள்ளையை வாசலிலேயே வசைச்சொல் வரவேற்கிறது. மதரஸாவில் நாமும் பிரம்பெடுத்தவர்களே. அஞ்சிய பிள்ளை மறுநாள் முன்னதாக வரவில்லை, வராமலே இருந்துவிட்டது.

இரவு கவியும் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. அந்த அறிவுரையைச் செயற்படுத்தும் பொறுப்பு நம்முடையது. பிள்ளை உள்ளே வர விரும்பும்படி வீடு இருக்க வேண்டாமா?

கண்டிப்பே வேண்டாம் என்பதன்று நமது கருத்து. பத்து நாள் அடைப்பும் கண்டிப்புதான். ஆனால் திறந்துவிடுமுன் அது முடிந்துவிட வேண்டும். திரும்பி வரும் வேளையில் கம்பு கூடாது. திரும்பியவுடன் ஒரு கோப்பைத் தேநீர், தொழுகைக்கு உடன் நிற்க ஒருவர், அன்றைய நாளைப் பற்றி ஒரு கேள்வி. தொலைவிலுள்ள வாப்பாவும் அந்த வேளையில் அலைபேசியில் அழைத்துப் பேசலாம். பிள்ளை செய்த தவற்றை மறுநாள் காலையில் அமைதியாகப் பேசிக்கொள்ளலாம்.

இழந்த மூன்று குஞ்சுகள் நமக்குக் கற்பித்தது இதுவே. பிள்ளைகள் விஷயத்தில் அப்படி இழந்து கற்கும் நிலையை அல்லாஹ் நமக்கு ஏற்படுத்தாதிருப்பானாக. ஆமீன்.