அயலும் அகமும் ஆன ஒரு சொல்

சொற்களும் மனிதரைப் போலவே கடல் கடக்கின்றன. சென்ற இடத்தில் வேற்றுருக் கொள்கின்றன. ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் உள்ள 'பிளைட்டி' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

அயல்நாட்டில் வாழும் பிரித்தானியர் தம் தாய்நாட்டை அன்போடும் சிறு நகைப்போடும் சுட்டும் பெயர் இது. 'பிளைட்டிக்குப் போகிறேன்' என்றால் ஊர் திரும்புகிறேன் என்பது பொருள். அரசு ஆவணங்களில் இதற்கு இடமில்லை; நண்பர் உரையாடலிலேயே இது வாழ்கிறது.

ஆயினும் இச்சொல் ஆங்கில மண்ணில் பிறந்ததன்று. ஆட்சி, ஆட்சிக்குட்பட்ட நாடு எனப் பொருள்படும் 'விலாயத்' என்னும் அரபுச் சொல், பாரசீகம் வழியாக உருதுவை அடைந்தது. அங்கே 'விலாயத்தி', 'பிலாயத்தி' என்பன அயல்நாட்டுப் பொருளை, சிறப்பாக ஐரோப்பியப் பொருளைக் குறித்தன. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சோடாநீர் 'பிலாயத்தித் தண்ணீர்' எனப்பட்டதைப் பதிவு செய்துள்ளது. சீமையெண்ணெய், சீமைச்சுண்ணாம்பு என நாம் வழங்குவதும் இத்தகையதே. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலச் சிப்பாய்களின் நாவில் அச்சொல் 'பிளைட்டி' ஆயிற்று. நம்மவர்க்கு அயலைச் சுட்டிய சொல், அவர்க்கு அகத்தைச் சுட்டலாயிற்று.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில் இச்சொல் பெருவழக்குப் பெற்றது. உயிரைப் பறிக்காமல், ஆனால் தாயகம் அனுப்பப் போதுமானதாய் அமைந்த காயத்தைப் பதுங்குகுழி வீரர்கள் 'பிளைட்டி' என்றே அழைத்தனர். அதனை விரும்பியும் நின்றனர். காயத்தையும் வரமாக எண்ணச் செய்த போரின் கொடுமையை இவ்வொரு சொல்லே உரைத்துவிடுகின்றது.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. தம் பாட்டியாரின் பிரிவைச் சொல்ல வந்த மாணவர் ஒருவர், 'மௌத்து' என்று தொடங்கி, நம்மைக் கண்டதும் நாணி, 'இறப்பு' என்று திருத்திக்கொண்டார். நாம் வருந்தினோம். எழுத்தில் நற்றமிழைப் பேணுதல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயின் மௌத்து, ஹயாத்து, நசீபு என இல்லத்தில் வழங்கும் சொற்களுக்காக நாணுதல் தகுமோ? வக்கீல், வசூல், பாக்கி ஆகிய அரபுவழிச் சொற்களைத் தமிழர் அனைவரும் கூசாமல் வழங்குகின்றனரே!

சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, யாருடைய துயரையும் ஏக்கத்தையும் அது சுமந்தது என்பதே பெரிது. அரபு வேரில் தோன்றிய ஒரு சொல்லைச் சொல்லித் தம் வீட்டை நினைந்து ஏங்கினான் ஆங்கில வீரன். நம் வீட்டுச் சொல்லைச் சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்?